நகரத்து வீட்டில் கோழி வளர்க்கலாமா? எண்ணிக்கையைவிடத் தூரத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: நகர எல்லைக்குள் சொந்த வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம். முட்டைக்காக நாலைந்து கோழி வளர்க்க ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா, எத்தனை வைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. இது பெரும்பாலும் அந்தந்த ஊர் நிர்வாகம் முடிவு செய்கிற விஷயம். ஒரே ஊரிலேயே வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதும் உண்டு. ஆனால் பல ஊர்களின் விதிகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். எல்லாமே நாலே நாலு புகார்களிலிருந்து பிறந்தவை: சத்தம், நாற்றம், எலி, நோய். எந்த விதியைப் படித்தாலும், இது இந்த நாலில் எதைத் தடுக்க வந்தது என்று பாருங்கள். அப்படிப் படித்தால் விதியும் புரியும், அதிகாரி எதைப் பார்க்க வருவார் என்பதும் புரியும்.

முதலில் எங்கே தேடுவது? ‘கோழி வளர்ப்பு விதிகள்’ என்று தனியாக ஒரு தாள் எல்லா ஊரிலும் இருக்காது. சில ஊர்களில் விலங்குகள் பற்றிய விதிகளுக்குள் இருக்கும். நியூயார்க்கில் அது சுகாதார விதித்தொகுப்பில் இருக்கிறது. இன்னும் சில இடங்களில் நிலப் பயன்பாட்டு விதிகளுக்குள் புதைந்து கிடக்கும்: குடியிருப்புப் பகுதியில் ‘கால்நடை’ கூடாது என்று ஒரு வரி இருக்கும், கோழி கால்நடையா வளர்ப்புப் பிராணியா என்பது இருபது பக்கம் தள்ளி, சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியில் இருக்கும். அந்த விளக்கப் பகுதியை முதலில் படியுங்கள். நிறைய பேர் அதைத் தாண்டிப் போய்விட்டு, தடை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டுக்குக் கட்டட அனுமதி வேண்டுமா என்பது ஒரு தனி விதி. சத்தம் பற்றியது இன்னொரு தனி விதி. கோழிக்கு அனுமதி இருந்தாலும் சத்தத்துக்காக நடவடிக்கை வரலாம்.

இதற்கு மேல் தனியார் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தம், அடுக்குமாடி அல்லது மனைத் தொகுப்பு என்றால் சங்க விதிகள். நகராட்சி சரி சொன்னது சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. சங்கம் சரி சொன்னது நகராட்சி அனுமதிக்கு ஈடாகாது. இரண்டுமே வேண்டும்.

அப்புறம், அலுவலகத்தில் யாரோ வாய்வார்த்தையாக ‘அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க’ என்று சொன்னதை நம்பிக் கூடு கட்ட வேண்டாம். விதியின் எண்ணைக் கேளுங்கள். மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகார் வரும்போது வாய்வார்த்தை சொன்னவர் அந்த இருக்கையில் இருக்க மாட்டார்.

சரி, எத்தனை கோழி? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கனடாவின் வான்கூவர் 2010-ல் அனுமதித்தபோது வீட்டுக்கு 4 பெட்டைக்கோழி என்று வைத்தது. அமெரிக்காவின் சியாட்டில் அதே ஆண்டு 3 என்றிருந்ததை 8 ஆக்கியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எண்ணிக்கை மனையின் அளவைப் பொறுத்தது. சிகாகோவில் எண்ணிக்கை வரம்பே கிடையாது. நியூயார்க்கில் பெட்டைக்கோழிக்கு அனுமதிச் சீட்டே தேவையில்லை, ஆனால் சேவல், வாத்து, வான்கோழி எல்லாம் தடை. இப்படி எண்கள் எங்கெங்கோ போகின்றன. என்னைக் கேட்டால், எண்ணிக்கை ஒரு வீட்டின் தலையெழுத்தை முடிவு செய்வது அபூர்வம். முடிவு செய்வது தூரம்தான்.

கூடு பக்கத்து வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா ஊர் விதியிலும் இருக்கும். சியாட்டிலில் 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 4.5 மீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸில் பக்கத்து வீட்டிலிருந்து 35 அடி, உங்கள் வீட்டிலிருந்தே 20 அடி. காகிதத்தில் இவை சின்ன வித்தியாசங்களாகத் தெரியும். தரையில் டேப் பிடித்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மனை 12 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொன்றும் எல்லையிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களுக்கும் இடையே 16 மீட்டர். உங்கள் இடத்தின் நட்ட நடுவில் கூடு வைத்தாலும் இரண்டு பக்கமும் 8 மீட்டர்தான். 4.5 மீட்டர் விதி என்றால் தாராளம், பக்க எல்லையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். 15 மீட்டர் விதி என்றால்? பக்கவாட்டில் வழியே இல்லை, பின்னால்தான் போக வேண்டும். மூன்று வீடுகளின் பின்சுவரும் ஒரே கோட்டில் இருக்கிறதென்றால், அந்தக் கோட்டிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய 13 மீட்டர் போன பிறகுதான் மூலைவிட்டத் தூரம் 15-ஐத் தொடும். அங்கே போய் நின்றால் பின்தெரு வீட்டின் சுவர் கிட்டே வந்திருக்கும். ஆக, ‘6 கோழி வைக்கலாம்’ என்று விதி சொன்னாலும் உங்கள் இடத்தில் ஒன்றுகூட வைக்க முடியாது. அனுமதித்த மாதிரி அனுமதித்து, தூரத்தால் தடுத்துவிடுகிற ஊர்களும் உண்டு.

அதனால் தூரம் எதிலிருந்து எதுவரை என்பதைக் கவனமாகப் படியுங்கள். மனை எல்லையிலிருந்தா, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தா, சன்னல் கதவிலிருந்தா? அளக்க வேண்டியது கூட்டிலிருந்தா, கோழி உலாவும் அடைப்பின் வேலியிலிருந்தா? ஒரு சொல்லில் நாலைந்து மீட்டர் போய்விடும். இன்னொன்று: இந்தத் தூரங்கள் கோழிக்கு மட்டுமானதாக இருக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் கோழிக்கும் கினிக்கோழிக்கும் 4.5 மீட்டர் என்றால், வாத்து போன்ற மற்ற பறவைகளுக்கு 30 மீட்டர். கோழிக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு ஆசைக்கு இரண்டு வாத்தும் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது சேவல். நகரத்துக்குள் கோழி வளர்ப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். பெரும்பாலான நகரங்கள் சேவலைத் தடை செய்கின்றன அல்லது தனி அனுமதி கேட்கின்றன. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அது பொரியாது, அவ்வளவுதான். இதில் யாருக்கும் சண்டை இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு நாள் குஞ்சாக வாங்கும்போது பெட்டை என்று சொல்லிக் கொடுத்தது நாலைந்து மாதத்தில் கூவ ஆரம்பிக்கும்போது. குஞ்சில் பாலினம் பிரிப்பது பழகிய கைக்கும் நூற்றுக்கு நூறு சரியாக வராது. வான்கூவர் விதியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: 4 மாதத்துக்குக் குறைந்த கோழியை வைத்திருக்கவே கூடாது. வயது வரம்பு எதற்கு என்று முதலில் படிப்பவருக்குத் தோன்றும். அந்த வயதில் எது பெட்டை, எது சேவல் என்று கொண்டையும் வால் இறகும் காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும், முட்டைக்கு வரப்போகிற விடலைப் பெட்டைகளாகவே வாங்குங்கள். குஞ்சாக வாங்குவதானால், சேவலாகிவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று விற்பவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கூட்டை இருட்டாக்கி வைத்தால் சேவல் கூவாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டியது, சேவலின் கூவல் வெளிச்சத்தை மட்டும் நம்பி இல்லை, அதன் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை நம்பி இருக்கிறது என்பது. வெளிச்சம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே கூவத் தொடங்கிவிடும். மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்தாலும் சில நாட்களுக்கு அதே நேரத்தில் கூவும். ஆக, திரை போட்டு மறைத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதில் பயனில்லை. கழுத்தில் பட்டை மாட்டிக் கூவலைக் குறைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், கொஞ்சம் இறுகினால் மூச்சுக்கே ஆபத்து.

பிரான்ஸில் மோரிஸ் என்ற சேவல் வழக்கில் ஜெயித்ததை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான். ஒலெரோன் தீவில் பக்கத்து வீட்டார் போட்ட வழக்கை 2019-ல் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் கிராமப்புற ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாக ஏற்கும் சட்டமே அங்கே வந்தது. ஆனால் அந்தச் சட்டம் நாட்டுப்புறத்துக்கு. நெருக்கமான நகரத் தெருவில் அதைக் காட்டி வாதாட முடியாது.

பெட்டைக்கும் சத்தம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். முட்டையிட்டதும் கொக்கரிக்கும், சில சமயம் பத்து நிமிடம் விடாமல். ஆனால் அது பகலில் நடப்பது, விட்டு விட்டு வருவது. பெட்டையை அனுமதித்துச் சேவலைத் தடுக்கும் விதிகள் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

கூட்டைப் பற்றிச் சில ஊர்கள் ஒன்றுமே சொல்லாது, சில ஊர்கள் ஆணி அளவு வரை சொல்லும். வான்கூவரில் ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 0.37 சதுர மீட்டர், கூரை போட்ட வெளி அடைப்பில் 0.92 சதுர மீட்டர் குறைந்தபட்சம் வேண்டும். ஒவ்வொரு கோழிக்கும் 15 செ.மீ. உட்காரும் கம்பும், கூட்டுக்கு ஒன்றாக முட்டையிடும் பெட்டியும் வேண்டும். உங்கள் ஊரில் அளவு எதுவும் சொல்லாவிட்டால் இதை வைத்துக்கொண்டு கட்டுங்கள், தப்பாகாது. இடம் குறைந்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும், தரை ஈரமாகும், ஈரமானால் நாற்றம் வரும்.

நாற்றம் கோழியால் வருவதில்லை, ஈர எச்சத்தால் வருகிறது. ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும். 4 கோழிக்கு வருடம் ஏறக்குறைய 150 கிலோ. இதை எங்கே போடப் போகிறீர்கள் என்பதைக் கோழி வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அனுமதி விண்ணப்பத்திலேயே சில ஊர்களில் இந்தக் கேள்வி இருக்கும். காய்ந்த இலை, மரத்தூள், உமி ஏதாவது ஒன்றைத் தரையில் கனமாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மக்கவிட்டு உரமாக்கலாம். பச்சை எச்சத்தை நேராகச் செடிக்குப் போட்டால் செடி கருகும். மழை கூட்டுக்குள் அடிக்காமல் கூரையை ஒரு முழம் நீட்டிவிடுவது எந்த மருந்தையும்விட நாற்றத்தைக் குறைக்கும்.

எலியும் அப்படித்தான். கோழிக்காக எலி வருவதில்லை, தீவனத்துக்காக வருகிறது. ஒரு கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். இரவில் மிச்சம் கிடக்காத அளவுக்குப் போடுங்கள், மூட்டையை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவை எலி கடித்துவிடும். அறுகோண ஓட்டையுள்ள கோழி வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர வருகிற பிராணியை வெளியே நிறுத்தாது. 12 மி.மீ. அல்லது அதைவிடச் சிறிய ஓட்டையுள்ள கெட்டிக் கம்பி வலையைப் போட்டு, அடியில் 30 செ.மீ. மண்ணுக்குள் இறக்குங்கள். ‘எலி புகாத அமைப்பு’ என்று விதியில் ஒரு வரி இருந்தால் அதிகாரி குனிந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

முட்டையை விற்பது, கோழியை வீட்டில் அறுப்பது இரண்டும் பல ஊர்களில் கூடாது. வான்கூவரில் இரண்டுமே தடை. நண்பர்களுக்குச் சும்மா கொடுப்பதை யாரும் கேட்பதில்லை.

என்ன தின்னக் கொடுக்கலாம் என்பதில் பக்கத்துப் பக்கத்து நாடுகளே எதிரும் புதிருமாக இருக்கின்றன. பிரான்ஸின் கோல்மார் வட்டாரம் சமையலறைக் கழிவைக் குறைப்பதற்காகவே 2015 முதல் விரும்பும் குடும்பங்களுக்குக் கோழி கொடுத்து வருகிறது. கடலைத் தாண்டி பிரிட்டனுக்குப் போனால், சமையலறை வழியாக வந்த எதையும் கோழிக்குப் போடுவது சட்டவிரோதம். வெறும் காய்கறித் தோலானாலும் சரி, ஒரே ஒரு கோழியானாலும் சரி. இறைச்சி, முட்டை, பால் என்று விலங்கிலிருந்து வந்த எதுவுமே நுழையாத சமையலறை என்றால் மட்டும் விலக்கு. 2001-ல் அங்கே கோமாரி நோய் பரவியதற்குப் பன்றிகளுக்குப் போட்ட கழிவு உணவு காரணம் என்று தெரிந்த பிறகு இந்த விதிகள் இறுகின. தோட்டத்திலிருந்து நேராகப் பறித்துப் போட்டால் தவறில்லை, அதே கீரை சமையலறை மேசையைத் தொட்டு வந்தால் தவறு! சிரிப்பாக இருந்தாலும் சட்டம் அதுதான். உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய் சம்பந்தமான விதிகள்தான் இப்போது வேகமாக மாறி வருகின்றன. பறவைக் காய்ச்சல் காரணமாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பதிவு செய்தாக வேண்டும். முன்பு 50 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால்தான் கட்டாயம். பிரான்ஸிலும் வீட்டுக் கோழியை நகராட்சியில் தெரிவிக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் பறவைகளை அடைத்தே வைக்க உத்தரவு வரும், அது சில மாதங்கள் நீடிக்கும். திறந்த வெளியில் மேய விடுவதை மட்டும் நம்பிக் கூட்டைச் சிறிதாகக் கட்டியவர்கள் அப்போது திண்டாடுவார்கள். அதனால் முதலிலேயே கூரையும் வலையும் போட்ட அடைப்பாகக் கட்டுங்கள். தீவனமும் தண்ணீரும் அதற்குள்ளேயே இருக்கட்டும், காட்டுப் பறவை வந்து வாய் வைக்கக் கூடாது.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பறவைக் காய்ச்சலைவிட சால்மோனெல்லா பற்றிக் கவலைப்படுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் கோழியின் உடம்பிலும் எச்சத்திலும் அந்தக் கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2020-ல் மட்டும் வீட்டுக் கோழிகளோடு தொடர்புடைய தொற்று 1,700 பேருக்கு மேல் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது, கூட்டுக்குப் போகத் தனிச் செருப்பு, குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்சாமல் இருப்பது, இவ்வளவு போதும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் கோழியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் யாரும் கேட்காத, ஆனால் நீங்கள் யோசிக்க வேண்டிய ஒன்று வயதான கோழி. முதல் இரண்டு வருடம் நன்றாக முட்டையிடும், பிறகு குறையும். ஆனால் கோழி ஆறு எட்டு வருடம் உயிரோடு இருக்கும். வரம்பு 4 என்றால், முட்டையிடாத 4 கோழியை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றும் வாங்க முடியாது. வீட்டில் அறுக்கவும் விதி விடாது. அதனால் வரம்பு முழுவதையும் ஒரே நாளில் நிரப்பாதீர்கள். 4 அனுமதி என்றால் முதலில் 2 வாங்குங்கள், இரண்டு வருடம் கழித்து 2 சேருங்கள். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம், கோழி கூட்டமாக வாழும் பறவை, தனியாக விட்டால் நலிந்துவிடும்.

தடை உள்ள ஊர் என்றால், விதியை மாற்றக் கேட்பது நடக்காத காரியம் அல்ல. நகரத்தில் கோழிக்குத் தடை என்பது காலங்காலமாக இருந்ததில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வேளாண் துறை, வீட்டில் ஆளுக்கு இரண்டு கோழி வளர்க்கச் சொல்லிச் சுவரொட்டியே ஒட்டியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாகக் கோழித் தீவனம் வாங்கிக்கொள்ளலாம். அங்கே 1950-ல் வந்த சட்டத்தின்படி வாடகைத் தோட்ட நிலங்களில் பெட்டைக்கோழி வளர்ப்பதை ஒப்பந்தத்தால்கூடத் தடுக்க முடியாது. சேவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் மேடிசன் நகரம் தன் தடையை 2004-ல் நீக்கியது. கேட்பதானால் சின்னதாகக் கேளுங்கள்: 4 பெட்டை, சேவல் இல்லை, பதிவு உண்டு, சோதனை முறையில் ஒரு வருடம்.

கடைசியாகப் புகார். பெரும்பாலான ஊர்களில் அதிகாரிகள் தெருத் தெருவாகக் கோழி தேடி வருவதில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வருகிறார்கள். அதனால் கூடு கட்டும் முன்பே இரண்டு பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய், இன்ன இடத்தில் வைக்கப் போகிறேன், சேவல் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். சில ஊர்களில் அவர்கள் கையெழுத்தே தேவைப்படும். தேவைப்படாத ஊரிலும், அவர் தம் படுக்கையறைச் சன்னலைக் காட்டி ‘இந்தப் பக்கம் வேண்டாமே’ என்றால் கூட்டை வரைபடத்தில் நகர்த்துவது சுலபம், கட்டிய பிறகு நகர்த்துவது செலவு.

அதையும் மீறிப் புகார் வந்தால், அறிவிப்பில் எந்த விதி எண் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எண்ணிக்கையா, தூரமா, நாற்றமா என்பது அதில்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். பதில் சொல்லக் கொடுத்த தேதியைத் தவற விடாதீர்கள். டேப்பைப் பிடித்தபடி தூரம் தெரிகிற மாதிரி படம், அனுமதிச் சீட்டின் நகல், கூட்டைச் சுத்தம் செய்யும் நாட்கள் குறித்த தாள் இவற்றை இணைத்து எழுத்தில் பதில் கொடுங்கள். தூரம் அரை மீட்டர் குறைகிறதென்றால் வாதாடிக்கொண்டிருக்காமல், அவகாசம் முடிவதற்குள் கூட்டை நகர்த்திவிட்டு, நகர்த்திய பிறகு எடுத்த படத்தையும் அனுப்பிவிடுங்கள்.